ரேடியோ ஆல்டிமீட்டர் இருக்கும்போது ஜிபிஎஸ் குழப்பத்தில் "புல் அப்" ஏன் வருகிறது?

பறவைப்பார்வை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வணிக விமானி உரிமத்துக்கான தரை வகுப்புப் பாடங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தரை மோதல் எச்சரிக்கைக் கருவி, அதாவது ஜிபிடபிள்யூஎஸ், ரேடியோ ஆல்டிமீட்டரை வைத்து வேலை செய்கிறது என்று படித்தேன். விமானத்தின் வயிற்றிலிருந்து நேரே கீழே அலையை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து உயரம் கணக்கிடும் கருவி அது. அதில் செயற்கைக்கோளுக்கு எந்த வேலையும் இல்லை.

ஆனால் 2023 செப்டம்பருக்கு அப்புறம் வரும் செய்திகளைப் பார்த்தால், ஜிபிஎஸ் ஸ்பூஃபிங் (பொய் ஜிபிஎஸ் சிக்னல் அனுப்பி ஏமாற்றுவது) நடக்கும் பகுதிகளில் 35,000 அடிக்கு மேல் போகும் விமானத்தில்கூட "டெரெய்ன், டெரெய்ன், புல் அப்" (நிலம், நிலம், மேலே தூக்கு) என்று கத்துகிறதாம். எவரெஸ்டே 29,032 அடிதான், அந்த உயரத்தில் மோதுவதற்கு என்ன இருக்கிறது? ரேடியோ ஆல்டிமீட்டரோ 2,500 அடிக்கு மேல் எதையும் காட்டவே காட்டாது. அப்படியிருக்க இந்தக் கத்தல் எங்கிருந்து வருகிறது? இதனால் சில விமானிகள் கருவியையே அணைத்துவிடுகிறார்கள் என்றும் படித்தேன். அது சரியா, அணைத்தால் முழுப் பாதுகாப்பும் போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இது தேர்வுக்காக மட்டும் கேட்கவில்லை, படித்ததிலிருந்து மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஏவியானிக்ஸ்காரன் பதில்:

நீங்கள் படித்தது தவறில்லை தம்பி, ஆனால் பாதிதான். இன்று விமானத்தில் இருப்பது ஒரே பெட்டிக்குள் இரண்டு தலைமுறைக் கருவிகள். இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் மீதிக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும்.

முதல் தலைமுறை, டான் பேட்மேன் என்ற பொறியாளர் 1960-களின் கடைசியில் உருவாக்கியது. நீங்கள் சொன்ன ரேடியோ ஆல்டிமீட்டர், அழுத்த உயரம் (காற்றழுத்தத்தை வைத்து அளக்கும் உயரம்) மாறும் வேகம், சக்கரமும் ஃபிளாப்பும் (இறங்கும்போது விரிக்கும் இறக்கை மடல்) இருக்கும் நிலை, ஐஎல்எஸ் கிளைடுஸ்லோப் (ஓடுபாதை அருகிலிருந்து வரும் ரேடியோ சிக்னல் காட்டும் இறங்கு பாதை), இவ்வளவுதான் அதற்குத் தேவை. மோட் 1 முதல் 5 வரை என்று பாடத்தில் வருமே, அதுதான் இது. 1974 டிசம்பரில் வர்ஜீனியாவில் டிடபிள்யூஏ 514 என்ற பயணிகள் விமானம் மலையில் மோதியதற்கு அப்புறம் அமெரிக்காவில் இது கட்டாயமானது. மோதல்கள் நிறையவே குறைந்தன.

ஆனால் அந்தக் கருவிக்கு ஒரு பெரிய குறை இருந்தது: அது கீழே மட்டும்தான் பார்க்கும். முன்னால் செங்குத்தாக ஒரு மலை நின்றால், விமானம் அதன் சரிவுக்கு மேலே வந்த பிறகுதான் தரை உயர்வது அதற்குத் தெரியும். 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகருக்கு அருகே போயிங் 757 மோதியபோது இதுதான் நடந்தது. எச்சரிக்கை வந்தது, ஆனால் மோதலுக்குச் சுமார் 12 விநாடிகளுக்கு முன்னால்தான். விமானிகள் உடனே மூக்கைத் தூக்கி எஞ்சினுக்கு முழு விசை கொடுத்தார்கள், ஆனால் இறங்குவதற்காக விரித்திருந்த ஸ்பீட்பிரேக் (இறக்கை மேல் எழுந்து வேகத்தைக் குறைக்கும் தட்டுகள்) அப்படியே விரிந்திருந்தது. 159 பேர் இறந்தார்கள்.

இரண்டாம் தலைமுறை 1990-களின் நடுவில் வந்தது. உலகத்தின் நிலப்பரப்பையே பெட்டிக்குள் வரைபடமாக வைத்து, "நான் இப்போது இங்கே இருக்கிறேன், இந்தத் திசையில் இந்த வேகத்தில் போகிறேன், முன்னால் என்ன உயரத்தில் நிலம் இருக்கிறது" என்று ஒப்பிட்டுப் பார்க்கும் முறை. சோவியத் யூனியன் உடைந்த பிறகு அவர்கள் போட்டு வைத்திருந்த நிலப்பரப்பு விவரங்களைக்கூட பேட்மேனின் குழு வாங்கிச் சேர்த்தது. இதனால் மலைக்குச் சுமார் 60 விநாடி முன்பே முதல் எச்சரிக்கையும், 30 விநாடி போல இருக்கும்போது "புல் அப்"பும் வரும். காலியில் கிடைத்த 12 விநாடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு பெரிய வித்தியாசம்!

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "நான் இங்கே இருக்கிறேன்" என்பதை அந்தப் பெட்டிக்கு யார் சொல்வது? ஜிபிஎஸ். உயரத்தையும் பெருமளவு ஜிபிஎஸ்தான் சொல்கிறது. இதற்கு நியாயமான காரணம் இருந்தது: விமானி ஆல்டிமீட்டரில் தவறான அழுத்த அளவு வைத்துவிட்டால்கூட எச்சரிக்கை சரியாக வர வேண்டும் என்பதற்காக, ஜிபிஎஸ் உயரத்தையும் மற்றவற்றையும் கலந்து ஒரு உயரத்தைக் கணக்கிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்த அந்த ஏற்பாடுதான் இப்போது பலவீனமாகி நிற்கிறது.

ஸ்பூஃபிங்கில், உங்கள் விமானம் பெய்ரூட் விமான நிலையத்தில் தரையோடு தரையாக இருக்கிறது என்று பொய் சிக்னல் வருகிறது என்று வையுங்கள். பெட்டிக்கு என்ன தெரியும்? "நான் கடல் மட்டத்தில் இருக்கிறேன், 450 நாட் வேகத்தில் போகிறேன், முன்னால் லெபனான் மலை." கத்தாமல் என்ன செய்யும்? அது வடிவமைத்தபடிதான் வேலை செய்கிறது, கொடுக்கப்பட்ட தகவல்தான் பொய்.

மேகக்கூட்டம் பதில்:

ஒரு சந்தேகம். ஜிபிஎஸ் ரிசீவர் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் ரெய்ம் என்று ஒன்று இருக்கிறதே, அது இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்காதா? அப்புறம், ஜாமிங்கிலும் இதே பிரச்சினை வருமா?

ஏவியானிக்ஸ்காரன் பதில்:

ஜாமிங் வேறு வகை. அதில் சிக்னல் இரைச்சலில் மூழ்கிப் போகும். 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் நம்மிடம் சேரும்போது ஒரு வாட்டில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவு, அதை மூழ்கடிக்கப் பெரிய சக்தி தேவையே இல்லை. ஆனால் ஜாமிங்கில் ரிசீவர் "எனக்கு இடம் தெரியவில்லை" என்று ஒப்புக்கொண்டுவிடும். முன்நோக்கும் எச்சரிக்கை வேலை செய்யாது என்று விமானியறையில் செய்தி வரும். பாதுகாப்பில் ஒரு அடுக்கு போய்விட்டது, ஆனால் போய்விட்டது என்பது விமானிக்குத் தெரியும்.

ஸ்பூஃபிங்கில் ரிசீவர் தான் சரியாக இருப்பதாகவே நம்புகிறது. ரெய்ம் என்பது, எட்டு செயற்கைக்கோள் தெரிந்தால் அதில் ஒன்று கெட்டுப்போய் மற்றவற்றோடு ஒத்துப்போகாததைக் கண்டுபிடிப்பதற்காக உருவானது. பொய் சிக்னல் அனுப்புபவர் எட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படியே அனுப்புவார். எல்லாச் சாட்சிகளும் ஒரே பொய்யைச் சொன்னால் ரெய்ம் அதை உண்மை என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், பலருக்குத் தெரியாது. விமானிகள் ஃபிளைட் மேனேஜ்மென்ட் கணினியில் ஜிபிஎஸ்ஸை நீக்கிவிட்டால் வழிகாட்டல் தப்பித்துவிடும். ஆனால் பல விமானங்களில் எச்சரிக்கைப் பெட்டிக்கு ஜிபிஎஸ் ரிசீவரிலிருந்து தனி வயர் போகிறது. கணினியில் நீக்கியது அதைப் பாதிக்காது. அதனால்தான் ஸ்பூஃபிங் பகுதியைத் தாண்டி மணிக்கணக்கில் ஆன பிறகும், ரிசீவர் முழுதாக மீண்டு வராமல், வேறு ஒரு நாட்டில் இறங்கும்போது பொய் எச்சரிக்கை வந்த சம்பவங்கள் இருக்கின்றன.

வலது_இருக்கை பதில்:

நான் இணை விமானியாக இருக்கிறேன். எந்த நிறுவனம், எந்த விமானம் என்பது இங்கே வேண்டாம். காகிதத்தில் படிப்பதற்கும் உள்ளே உட்கார்ந்து அனுபவிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

கருங்கடல் ஓரமாக ஒரு இரவுப் பயணம். முதலில் மாறியது கடிகாரம். விமானத்தின் நேரம் ஜிபிஎஸ்ஸிலிருந்து வருகிறது, அது திடீரென்று சில மணி நேரம் பின்னால் போய் நின்றது. இதை முதல் அடையாளமாகப் பார்க்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அப்புறம் காற்றின் திசையும் வேகமும் நம்ப முடியாத எண்களுக்குத் தாவின. நானும் கேப்டனும் ஜிபிஎஸ்ஸை நீக்கினோம், டிஎம்இ (தரை ரேடியோ நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் கருவி) வைத்து இருக்கும் இடத்தைச் சரிபார்த்தோம், கட்டுப்பாட்டு மையத்தில் திசை கேட்டு உறுதி செய்துகொண்டோம். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதே, வரைபடத் திரையில் எங்களுக்கு முன்னால் இருந்த பகுதி முழுக்கச் சிவப்பாகியது. அடுத்து அந்தக் குரல்.

அந்தக் குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிமுலேட்டரில் பல வருடமாக, அதைக் கேட்ட கணமே ஆட்டோபைலட்டைத் துண்டி, முழு விசை கொடு, மூக்கைத் தூக்கு என்று கை பழகியிருக்கிறது. யோசிக்காதே என்றுதான் பயிற்சி. இப்போது அதே குரல் வருகிறது, அதே கையை அடக்க வேண்டியிருக்கிறது. கேப்டன் உடனே விரலை ஸ்டாண்ட்பை ஆல்டிமீட்டர் (மாற்றாக வைத்திருக்கும் உயரமானி) மேல் வைத்து உயரத்தைச் சத்தமாகப் படித்தார், நான் ரேடியோ ஆல்டிமீட்டரில் எண் எதுவும் இல்லை என்று சொன்னேன், அந்தப் பகுதியின் பாதுகாப்பான குறைந்தபட்ச உயரத்தைவிட வெகு மேலே இருக்கிறோம் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் நிறுவனத்தின் நடைமுறைப்படி டெரெய்ன் சுவிட்சை அணைத்தோம்.

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு நேர் பதில் இதில் இருக்கிறது. அந்தச் சுவிட்ச் வரைபடம் சார்ந்த பகுதியை மட்டும் நிறுத்தும். ஏவியானிக்ஸ்காரன் சார் சொன்ன பழைய மோட்கள் தொடர்ந்து வேலை செய்யும். முழுப் பெட்டியையும் அணைப்பது வேறு காரியம், அதை நாங்கள் செய்வதில்லை. உயரே பறக்கும்போது நடப்பதைச் சமாளிக்கலாம். எனக்கு உண்மையிலேயே பயம் தருவது, இரவில், மேகத்துக்குள், மலை சூழ்ந்த நிலையத்துக்கு இறங்கும்போது அந்தக் குரல் வந்தால் அது பொய்யா உண்மையா என்ற கேள்வி ஒரு விநாடியாவது மனதில் எழுந்துவிடுமோ என்பதுதான். எழுந்துவிட்டால் அந்த ஒரு விநாடி போச்சு.

கரும்பாறை பதில்:

வலது_இருக்கை கடைசியில் சொன்னதுதான் இந்தப் பிரச்சினையின் மையம். நான் விமானப் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்தவன், விபத்து அறிக்கைகள் படிப்பதே என் தொழிலாக இருந்தது. பொய் எச்சரிக்கையால் உடனே வரும் ஆபத்தைவிட, அடிக்கடி வந்து வந்து நம்பிக்கையைத் தேய்த்துவிடுவதுதான் ஆளைக் கொல்லும். புலி வருது கதைதான்.

இதற்கு ஸ்பூஃபிங்கே தேவையில்லை என்பதற்கு இரண்டு விபத்துகள் இருக்கின்றன. 1992 ஜனவரி 20, பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் அருகே ஏர் இன்டரின் ஏ320 மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில் தரை எச்சரிக்கைக் கருவியே இல்லை. அந்த நிறுவனம் வேகமாக இறங்கும் பாணியில் பறப்பதால் தேவையில்லாத எச்சரிக்கை நிறைய வரும் என்று அதைப் பொருத்தாமலே விட்டிருந்தார்கள்.

இரண்டாவது, 2012 மே 9, இந்தோனேசியாவில் சலாக் மலை. சுகோய் சூப்பர்ஜெட், விற்பனைக்காக ஆட்களை ஏற்றிப் பறந்து காட்டிய விமானம், 45 பேர். கருவி சரியாக வேலை செய்தது, மோதலுக்கு 38 விநாடி முன்பே எச்சரித்தது. தலைமை விமானி, வரைபடத் தரவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அதை அணைத்துவிட்டார். முதல் எச்சரிக்கை வந்து 24 விநாடிக்குள் மேலே ஏறியிருந்தால்கூடத் தப்பியிருக்கலாம் என்று பின்னால் சிமுலேஷனில் தெரிந்தது. "இது கருவியின் கோளாறு" என்ற ஒரு எண்ணம் அன்று 45 உயிர்களைக் கொண்டுபோனது. ஸ்பூஃபிங் இப்போது அந்த எண்ணத்தைத்தான் ஆயிரக்கணக்கான விமானிகளின் மனதில் தினமும் விதைக்கிறது. ஆப்ஸ்குரூப் அமைப்பின் 2024 அறிக்கைப்படி அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 300 போல இருந்த பாதிக்கப்பட்ட விமானங்கள் ஆகஸ்டில் சுமார் 1,500 ஆகிவிட்டன. அதில் பெரும்பாலான விமானங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதே பழகிப் போவதற்கு வழி செய்கிறது, என் கவலை அதுதான்.

மறுபக்கமும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பொய் இடம் கடலாக இருந்தால்? விமானம் உண்மையில் மலையை நோக்கிப் போகும், பெட்டியோ தண்ணீர் மேல் இருப்பதாக நினைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும். கத்தினால் குறைந்தபட்சம் பிரச்சினை இருப்பதாவது தெரியும், அமைதியில் அதுவும் தெரியாது.

மேகக்கூட்டம் பதில்:

அப்படியானால் ஜிபிஎஸ்ஸை விட்டுவிட்டு, விமானத்திலேயே இருக்கும் இனர்ஷியல் கருவியை (விமானத்தின் அசைவுகளை அளந்தே இடத்தைக் கணக்கிடுவது) எச்சரிக்கைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டால் போதாதா? அது வெளியிலிருந்து எந்த சிக்னலையும் எதிர்பார்ப்பதில்லையே. இவ்வளவு நாளாக ஏன் செய்யவில்லை என்று கோபமாக வருகிறது.

ஏவியானிக்ஸ்காரன் பதில்:

கோபம் நியாயம்தான், ஆனால் அவ்வளவு நேரடியாக முடியாது. இனர்ஷியல் கருவி மணிக்கு 2 கடல் மைல் வரை நகர்ந்து போகலாம் என்பது அனுமதிக்கப்பட்ட அளவு. ஆறு மணி நேரம் பறந்த பிறகு அதை மட்டும் நம்பினால், பள்ளத்தாக்கில் இருக்கும் விமானத்தைப் பக்கத்து மலை மேல் இருப்பதாகப் பெட்டி நினைக்கும். மறுபடியும் பொய் எச்சரிக்கைதான். அது போதாதென்று, பல விமானங்களில் இனர்ஷியல் கருவியின் நிலையும் ஜிபிஎஸ்ஸோடு கலந்துதான் வருகிறது, ஸ்பூஃபிங்கில் அதுவும் சேர்ந்து கெட்டுப்போன சம்பவங்கள் 2023-இல் ஈராக் வான்வெளியிலேயே நடந்தன. விமானிகள் கட்டுப்பாட்டு மையத்திடம் திசை கேட்டுப் பறக்க வேண்டியிருந்தது.

ஆனால் இடத்தைச் சொல்ல அது போதாவிட்டாலும், பொய்யைப் பிடிக்க அது தாராளமாகப் போதும். ஒரு விநாடி முன்னால் ஒரு இடத்தில் இருந்த விமானம் அடுத்த விநாடி 200 கி.மீ. தள்ளி இருக்கிறது என்று ஜிபிஎஸ் சொன்னால், கலப்பில்லாத இனர்ஷியல் கணக்கு "இல்லை" என்று சொல்லிவிடும். அழுத்த உயரம் 36,000 அடி, ஜிபிஎஸ் உயரம் பூஜ்யம் என்றால் அதிலேயே வேடம் கலைந்துவிடும். இப்படி முரண்பட்டால் கத்தாதே, "எனக்கு இடம் தெரியவில்லை" என்று சொல் என்று மென்பொருளை மாற்றலாம். ஸ்பூஃபிங்கை ஜாமிங் அளவுக்கு இறக்கிவிட்டாலே பாதி வெற்றி என்பது என் கருத்து. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இடத்தை நகர்த்தும் ஸ்பூஃபிங்கை இப்படிப் பிடிப்பது கடினம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நீண்ட காலத்துக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. ஐரோப்பாவின் கலிலியோ 2025 ஜூலையில் கையெழுத்திட்ட சிக்னலைச் சேவைக்குக் கொண்டுவந்தது, அதாவது இது நான் அனுப்பியதுதான் என்று ரிசீவர் சரிபார்க்க முடியும். சிக்னல் வரும் திசையைப் பார்த்துப் பொய்யை ஒதுக்கும் ஆன்டெனாக்களும் உண்டு, ஆனால் அவை ராணுவத் தொழில்நுட்பம் என்று நீண்ட காலம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் சிக்கியிருந்தன. எதுவாக இருந்தாலும் பயணிகள் விமானத்தில் ஒரு பெட்டியை மாற்றச் சான்றிதழ், சோதனை என்று வருடக்கணக்கில் ஆகும்.

கோபுரத்திலிருந்து பதில்:

வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலிருந்து ஒரு குறிப்பு. விமானத்தில் இருக்கும் பெட்டி ஒன்றுதான் காவல் என்று நினைக்க வேண்டாம். ரேடார் திரையில் எங்களுக்கும் குறைந்தபட்ச உயர எச்சரிக்கை இருக்கிறது. 2022 மே 23 அன்று பாரிஸில் ஒரு ஏ320-க்குத் தவறான அழுத்த அளவு, 1001-க்குப் பதிலாக 1011 சொல்லப்பட்டு, விமானம் ஓடுபாதைக்கு முன்பே தரையிலிருந்து 6 அடி வரை வந்துவிட்டது. விமானத்தின் பெட்டி கத்தவில்லை, கட்டுப்பாட்டாளரின் திரையில்தான் எச்சரிக்கை வந்தது.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ரேடார் விமானத்தின் இடத்தைத் தானே அளக்கிறது, அதனால் அதை ஏமாற்ற முடியாது. ரேடார் இல்லாமல் ஏடிஎஸ்-பி (விமானமே தன் இடத்தை ஒலிபரப்பும் முறை) மட்டும் நம்பும் பகுதிகளில் இடம் விமானத்தின் ஜிபிஎஸ்ஸிலிருந்துதான் எங்களுக்கு வருகிறது, அதே பொய் எங்கள் திரைக்கும் வரும். செலவு என்று சொல்லி ரேடாரையும், திசை காட்டும் விஓஆர், தூரம் காட்டும் டிஎம்இ நிலையங்களையும் மூடிக்கொண்டே போவது எனக்குத் துளியும் சம்மதமில்லை. 2024-இல் எஸ்டோனியாவின் டார்ட்டு நகருக்கு ஃபின்னேர் ஒரு மாதம் சேவையை நிறுத்தியது, ஏனென்றால் அங்கே அவர்கள் பயன்படுத்திய இறங்கும் முறை ஜிபிஎஸ்ஸை மட்டுமே நம்பியிருந்தது.

பறவைப்பார்வை பதில்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, புத்தகத்தில் இதெல்லாம் இல்லை. ஒரே ஒரு கேள்வி மிச்சம். டெரெய்ன் சுவிட்ச் அணைந்தே இருக்கிறது, ஜிபிஎஸ் இன்னும் சரியாகவில்லை, இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பழைய மோட்கள் இருப்பதால் ஓரளவு பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

வலது_இருக்கை பதில்:

எடுத்துக்கொள்ளக் கூடாது, இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். சக்கரமும் இறங்கும் ஃபிளாப்பும் இறக்கிவிட்டால் பழைய மோட்களில் பலது, "இவர்கள் தரையிறங்கப் போகிறார்கள்" என்று எடுத்துக்கொண்டு தங்களை அடக்கிக்கொள்ளும். அப்போது ஓடுபாதைக்குப் பல மைல் முன்னால், சீரான வேகத்தில் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தால் ஒரு சத்தமும் வராமல் போகலாம். அந்த ஓட்டையை அடைத்ததே வரைபடம்தான், அது இப்போது இல்லை.

அதனால் இறங்கத் தொடங்கும் முன்பே முதலில் பார்ப்பது ஜிபிஎஸ் மீண்டுவிட்டதா என்று: கடிகாரம், இடம், உயரம் எல்லாம் டிஎம்இயோடும் ஆல்டிமீட்டரோடும் ஒத்துப்போகிறதா. ஒத்துப்போனால் சுவிட்சைத் திரும்பப் போடுவோம், அதை இறங்கும் முன் சரிபார்க்கும் பட்டியலிலேயே சேர்த்துச் சத்தமாகச் சொல்வோம், இல்லையென்றால் மறந்துபோகும். மீளவில்லை என்றால் ஜிபிஎஸ் சார்ந்த இறங்கும் முறை எதையும் ஏற்கமாட்டோம், ஐஎல்எஸ் கேட்போம். கிளைடுஸ்லோப்புக்குக் கீழே போனால் மோட் 5 கத்தும், அதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை. ஐஎல்எஸ்ஸில் சேரும் வரை குறைந்தபட்ச பாதுகாப்பு உயரத்துக்குக் கீழே ஒரு அடிகூட இறங்கமாட்டோம், கட்டுப்பாட்டாளர் ரேடாரில் பார்த்து உயரம் கொடுத்தால் தவிர. சுற்றிலும் மலை, ஐஎல்எஸ்ஸும் இல்லை, வானிலையும் மோசம் என்றால் வேறு நிலையத்துக்குப் போய்விடுவோம், அதற்கான எரிபொருளைக் கிளம்பும்போதே சேர்த்துப் போட்டுக்கொள்கிறோம்.